கென்யாவுக்கு ஊழியப் பயணம்: முதல் வாரத்தைக் கடக்கும் முறை

சென்னையிலிருந்து வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படும் குழுவினர் பல வாரங்கள் உபவாசித்து ஜெபிக்கிறார்கள், பாடல்களைப் பழகுகிறார்கள், செய்திகளை ஆயத்தம் செய்கிறார்கள். ஆனால், போய் இறங்கிய முதல் சில நாள்களில் கண்ணில் படுவதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு மட்டும் யாரும் ஆயத்தப்படுவதில்லை. அந்த நாள்களில் மனத்தில் பதிந்ததுதான் திரும்பி வந்தபின் சபையில் சாட்சியாகச் சொல்லப்படுகிறது. அந்த நாட்டைப் பற்றிச் சபையார் பல ஆண்டுகள் அறிந்திருப்பதும் அதுவாகவே இருந்துவிடுகிறது. ஆகையால், முதல் எண்ணத்தை உடனே தீர்ப்பாக்கிவிடாமல் நிறுத்திவைக்கும் பழக்கத்தைப் பயணத்துக்கு முன்பே கற்றுக்கொள்வது அவசியம். கென்யாவுக்குச் செல்லும் குழுவை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

பயண ஏற்பாடுகளில் சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம்; பயணத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் அது முடிந்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களைத் தனிமைப்படுத்தி வைப்பார்கள். 2024 ஜனவரி முதல் கென்யா விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதியை வழங்குகிறது. அதற்கு விண்ணப்பிக்கும் முன், நீங்கள் அங்கே பிரசங்கிக்கப் போகிறீர்களா, விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தப் போகிறீர்களா, மருத்துவ முகாம் நடத்தப் போகிறீர்களா என்பதை அழைக்கும் சபைக்குத் தெளிவாக எழுதி, அதற்கேற்ற அனுமதியை அவர்கள் மூலமாகவே பெறுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே 2017 ஆகஸ்ட் முதல் தடை இருப்பதால், ஊறுகாயையும் பொடிகளையும் கேரி பேக்கில் சுற்றி எடுத்துச் செல்லாதீர்கள்.

ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நம்பி மெல்லிய பருத்தி உடைகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் நைரோபியில் இறங்கியதும் குளிரில் நடுங்குவார்கள். அந்த நகரம் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கோடை விடுமுறை முடிந்த பின் வரும் ஜூலை மாதம்தான் அங்கே குளிர் மிகுந்த மாதம். அதே நாட்டில் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கிசுமு வெப்பமானது, மலேரியா உள்ள பகுதி. அங்கே போகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தடுப்பு மாத்திரைகளை முன்னதாகவே தொடங்க வேண்டும். புறப்படும் முன் நாம் உறுதியாக நம்பிய ஒன்று விமான நிலைய வாசலிலேயே பொய்த்துப்போகும் என்றால், மக்களைப் பற்றி நாம் நம்பி வைத்திருப்பதையும் கொஞ்சம் தளர்த்திப் பிடிப்பதே நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தளர்த்திப் பிடிக்க வேண்டியது, 'இருளில் இருக்கும் தேசத்துக்குப் போகிறோம்' என்ற எண்ணம். கென்யாவின் 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் கிறிஸ்தவர்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 6 பேர்தான். 1844இல் மொம்பாசாவுக்கு வந்து, சில மாதங்களுக்குள் மனைவியையும் பச்சிளங்குழந்தையையும் அங்கேயே அடக்கம் செய்த யோகான் லுட்விக் கிராப்ஃப் என்ற ஜெர்மானிய மிஷனெரியின் நாள்களிலிருந்து அந்தச் சபைகளுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. நூற்றுக்கு ஆறு பேர் வாழும் இடத்திலிருந்து எண்பத்தைந்து பேர் வாழும் இடத்துக்குப் போகிறவர், கொடுக்க எடுத்துச் செல்வதைவிடப் பெற்றுக்கொள்ள இடம் வைத்துக்கொண்டு போவதே பொருத்தமானது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை உங்களைச் சோதிக்கும். நேரத்தைப் பற்றி முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கென்யாவின் பொதுமொழியான சுவாஹிலியைப் பேசுகிறவர்கள் பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். 'மூன்று மணி' என்று அவர்கள் சொன்னால் அது நம் கடிகாரத்தில் காலை ஒன்பது. அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் பேதுரு சொல்லும் மூன்றாம்மணி வேளையை வாசித்தவர்களுக்கு இது புரியாத கணக்கு அல்ல. ஆராதனை மூன்று மணி நேரம் நீளலாம். புதிதாக வந்தவர்களை முன்னே அழைத்து நிறுத்தி, பெயரையும் சபையையும் சொல்லச் சொல்வார்கள். பெரும்பாலும் இரட்சிப்பின் சாட்சியையும் எதிர்பார்ப்பார்கள். நான்கு வாக்கியங்களுக்கு மிகாமல் ஒன்றை ஆயத்தமாக வைத்திருங்கள். ஆசீர்வாதம் கூறி முடித்தபின் பல சபைகளில் ஒருவர்பின் ஒருவராக வெளியே வந்து, முன்னே வந்தவர்களுக்குக் கைகொடுத்துவிட்டு அந்த வரிசையின் கடைசியில் நின்றுகொள்வார்கள். இப்படி ஒவ்வொருவரும் எல்லாரோடும் கைகுலுக்கி முடிக்கும்வரை அந்த வளையம் நகர்ந்துகொண்டே இருக்கும். பசிக்கிறது என்று பாதியில் விலகிவிடாதீர்கள். நம் கைகளையும் அவர்கள் எதிர்பார்த்துத்தான் நிற்கிறார்கள்.

ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொண்டு, பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரிக்க வேண்டும். இடப்பக்கம் கண்டதை மட்டும் எழுதுங்கள். அதைக் கண்டு மனம் சொன்னதை வலப்பக்கம் எழுதுங்கள். 'ஆராதனை தொடங்கியபோது பாதி இருக்கைகள் காலி' என்பது இடப்பக்கத்துக்குரியது. 'இவர்களுக்கு நேரத்தின் அருமை தெரியவில்லை' என்பது வலப்பக்கத்துக்குரியது. ஐந்தாம் நாள் உள்ளூர்ச் சகோதரர் ஒருவரோடு உட்கார்ந்து இடப்பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டி விளக்கம் கேளுங்கள். தண்ணீர் எடுத்து வைத்து, மாட்டைக் கவனித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, அதன்பின் மேட்டுப் பாதையில் நடந்துவர வேண்டிய தாய்மாரின் ஞாயிற்றுக்கிழமைக் காலையை அவர் எடுத்துச் சொல்லக்கூடும். வலப்பக்கத்தில் எத்தனை வரிகளை அடிக்க வேண்டியிருக்கிறது என்பதை அதன்பின் நீங்களே பார்ப்பீர்கள். குழுத்தலைவர் ஒவ்வொரு மாலையும் இதற்கென நேரம் ஒதுக்க வேண்டும். பகலில் தோன்றிய எரிச்சலை இரவு ஜெபத்தில் விண்ணப்பமாக மாற்றிச் சொல்வது அந்த எரிச்சலைத் தீர்ப்பதில்லை.

வீடுகளுக்கு அழைக்கப்படும்போது கூச்சப்படாமல் போங்கள். சாப்பாட்டுக்கு முன் வீட்டுப் பிள்ளை ஒருவர் கையில் செம்பும் கீழே பிடிக்க ஒரு கிண்ணமுமாக ஒவ்வொருவர் முன்பும் வந்து, வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றிக் கைகழுவ வைப்பார். அப்போது பேச்சை நிறுத்தி, இரு கைகளையும் நீட்டி, அந்தப் பிள்ளையின் முகம் பார்த்து 'அசன்டே' என்று நன்றி சொல்லுங்கள். பிறகு மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலி வரும். நம் ஊர்க் களியைப் போலக் கையால் உருட்டிக் கீரையோடு சேர்த்துச் சாப்பிடுவது. கையால் சாப்பிடத் தெரிந்த விருந்தாளியைக் கண்டு வீட்டார் மகிழ்வதை நீங்களே காண்பீர்கள். நமக்கு இயல்பாக வரும் தலையாட்டலை மட்டும் அவர்கள் ஆம் என்றோ இல்லை என்றோ புரிந்துகொள்ள மாட்டார்கள், வாயால் சொல்லிவிடுங்கள்.

நம்மைப் பற்றி அவர்களுக்கு உண்டாகும் முதல் எண்ணம் நாம் போய்ச் சேரும் முன்பே உருவாகிவிட்டது என்பதையும் அறிந்து போக வேண்டும். 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை இரயில் பாதை போடுவதற்காக ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கானோர் அந்த வேலையில் இறந்தார்கள். சிலர் அங்கேயே தங்கினார்கள், வியாபாரம் செய்ய வந்த வேறு இந்தியர்களும் சேர்ந்தார்கள். ஆகவே, பல கென்யர்களுக்கு இந்தியர் என்றால் கடை முதலாளி, கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர். அப்படிப்பட்ட முகம் கொண்ட ஒருவர் தங்கள் வீட்டுத் தரையில் அமர்ந்து சாப்பிடுவதும், சபையைப் பெருக்குகிறவர்களோடு சேர்ந்து துடைப்பம் எடுப்பதும் அவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் முதல் செய்தியாக இருக்கும்.

இதை நமக்குச் சொல்லித்தர நம் மண்ணிலேயே ஒருவர் இருந்தார். திருநெல்வேலிச் சீமையிலுள்ள வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேற்கத்திய மிஷனெரிகளைப் பார்த்து, உங்கள் பொருளையும் உயிரையும்கூடக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வேண்டினார். அந்த வேண்டுகோளைக் கேட்க வேண்டிய இடத்தில் இன்று நாம் நிற்கிறோம். பரிசுப் பொருள்களைத் தெருவில் நின்று பிள்ளைகளுக்கு வீசுவதும், கண்ணீரோடு வரும் ஒருவருக்குத் தனியாகப் பணம் கொடுத்துவிட்டு நகர்வதும் நட்பு ஆகாது. அந்த ஊரின் போதகர் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டியதை அது குலைத்துவிடும். கொடுக்க விரும்பினால் சபையின் குழுவிடம் கொடுத்து ரசீது பெறுங்கள். தாய் தகப்பனைக் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் படம் எடுக்காதீர்கள். மூக்கு வடிய, கிழிந்த சட்டையோடு நிற்கும் நம் வீட்டுப் பிள்ளையின் படம் வேறொரு நாட்டுத் திரையில் ஓடுவதை நாம் சகிப்போமா?

பிரசங்கம் மொழிபெயர்ப்போடு நடப்பதால் நாற்பது நிமிடத்தில் இருபது நிமிடச் செய்திதான் சொல்ல முடியும். முந்தின இரவே மொழிபெயர்ப்பாளரைச் சந்தித்து வசனங்களைக் கொடுத்துவிடுங்கள். அடுக்குமொழி அங்கே கடந்துபோகாது. குறுகிய வாக்கியமும் ஒரு நல்ல சம்பவமும் போகும். பிரசங்க முடிவில் இயேசுவை ஏற்றுக்கொள்ள அழைப்புக் கொடுத்தபோது கை உயர்த்தினவர்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு வந்து சபையில் அறிவிக்கும் வழக்கத்தை விட்டுவிடுமாறு உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே விசுவாசிகள், தங்களை மறுபடி ஒப்புக்கொடுக்கிறவர்கள். அவர்களை நம் கணக்கில் எழுதிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

ஊர் திரும்பியபின் அடுத்த ஞாயிறே மேடையேறாமல் இரண்டு வாரங்களாவது கேட்டுப் பெறுங்கள். அந்த இடைவெளியில் நோட்டுப்புத்தகத்தின் இடப்பக்கத்திலிருந்து அறிக்கையை எழுதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதியை உங்களை ஏற்றுக்கொண்ட போதகருக்கு அனுப்புங்கள். அவர் திருத்தியனுப்பும் வரிகளைத் திருத்தியபடியே சேர்த்து, வேண்டாம் என்று சொன்ன படங்களை நீக்கி, அதன்பின் சபையில் வாசியுங்கள்.