டெலோரியன் கதவு மேலே நிற்கவில்லையா?

1981 மாடல் டெலோரியன் காரின், மேல்நோக்கித் திறக்கும் கதவு பாதியில் தொங்கினால், உடனே கூரையில் இருக்கும், கதவைத் தூக்க உதவும் முறுக்குக் கம்பியில் கை வைக்காதீர்கள். அது பயங்கர இறுக்கத்தில் இருக்கும், தனிக் கருவி இல்லாமல் தொட்டால் ஆபத்து. பெரும்பாலும் குற்றவாளி கேஸ் ஸ்ட்ரட்தான் (கதவைத் தாங்கும், வாயு அடைத்த தண்டு), விலையும் குறைவு. குளிரில் உள்ளே அழுத்தம் குறையும் என்பதால் வெயில் நேரத்தில் சோதியுங்கள்.

கதவை முழுதாகத் தூக்கி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் (குச்சியை நம்பவே வேண்டாம்). ஸ்ட்ரட் முனையிலுள்ள கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, பந்து முனையிலிருந்து இழுத்தால் வந்துவிடும். புதியதை அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். அப்புறம் முன்னும் பின்னும் உள்ள இரண்டு பூட்டுகளும் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள்.