பழைய சின்ன ரயில் பாதையைத் தரையில் தேடிப் பிடிப்பது எப்படி

நம் பக்கம் ஓடிய சின்ன ரயிலுக்குத் தண்டவாள அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி 1905, மொரப்பூர்–தருமபுரி 1906, அங்கிருந்து ஓசூர் வரை 1913. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுசேர்க்கப் போட்டவை. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் எல்லாம் மூடப்பட்டுத் தண்டவாளமும் போய்விட்டது. மண்மேடும் ஓடைகள் மேல் கட்டிய சிறுபாலங்களும் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. உழவிலும் வீட்டுமனையிலும் அவையும் கரைவதற்குள் பதிவு செய்தாக வேண்டும்.

முதலில் படம். சர்வே ஆஃப் இந்தியாவின் ஒரு மைலுக்கு ஒரு அங்குலப் படத்தில் 1940-க்கு முந்தைய பதிப்பு வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை 57 எல் என்ற எண்ணுள்ள படத்தாள் தொகுதியில் வரும். ஓசூர் 57 எச். கிருஷ்ணகிரி அணையின் நீர்த்தேக்கம் தெரிந்தால் அது 1950-களுக்குப் பிந்திய படம், ஒதுக்கிவிடுங்கள்.

பழைய படத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கூகுள் எர்த்தில் போட்டால் கோடு 100 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். பூமியின் வடிவத்துக்கு அந்தக் காலத்து அளவை வைத்துக்கொண்டது எவரெஸ்ட் கணக்கு, இன்றைய ஜி.பி.எஸ். வேறு கணக்கு. பலர் ஏமாறுவது இங்கேதான். ஆகவே படத்தின் நான்கு மூலைக்கும் பரவலாகக் குறைந்தது நான்கு அசையாத இடங்களைப் பிடித்துப் பொருத்துங்கள்: ராயக்கோட்டை மலை உச்சி, பழைய கோயில், ஏரி மதகு. சாலைச் சந்திப்பு வேண்டாம், அது நகர்ந்திருக்கும்.

அடுத்து செயற்கைக்கோள் படம். வண்டிப்பாதை வரப்புக்கு வரப்பு ஒடிந்து திரும்பும். ரயில் மேடு வில்லாக வளையும். தருமபுரியிலிருந்து ஓசூர் 400 மீட்டர் போல உயரம், அதனால் ராயக்கோட்டைப் பக்கம் வளைவு அதிகம். நீங்கள் பிடித்த கோடு 40 மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஏறினால் சந்தேகப்படுங்கள். இன்றைய சேலம்–பெங்களூரு பாதையும் இதே ஊர்களைத் தொட்டுப் போகிறது, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சந்தேகம் தீர்ப்பது புலப்படம்தான், அதாவது நிலத்தின் எல்லைகளைக் காட்டும் சர்வே வரைபடம். குறுக்கும் நெடுக்குமான பட்டா நிலங்களை அறுத்துக்கொண்டு ரிப்பன் மாதிரி ஒரு துண்டு ஓடுகிறதா பாருங்கள். கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் வகைப்பாடு மாறியிருக்கலாம். உட்பிரிவின் வடிவம் லேசில் மாறாது.

களத்துக்கு அறுவடை முடிந்து, புல் காய்ந்த பிப்ரவரி–ஏப்ரலில் போங்கள். டேப், செல்போன், அளவுக்கோல் போதும். மேட்டின் தலையகலம் 10–12 அடி இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஓடையைத் தாண்டும் இடத்தில் செதுக்கிய கருங்கல் சுவர் இரண்டு எதிரெதிரே நிற்கும். மேல்கல்லைத் துடைத்துப் பாருங்கள்: இரும்பு உத்தரம் உட்கார்ந்த பள்ளமும் போல்ட் துளையும் இருந்தால் அது பாலத்தின் கால். ஏரிக்கரைக்குப் பாவிய கல்லில் துளை இருக்காது. நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், கல்லைப் பெயர்க்காதீர்கள்.

200 மீட்டருக்கு ஒரு புள்ளி குறித்து, 1905, 1906, 1913-க்குத் தனித்தனி நிறம் கொடுங்கள். கண்ணால் பார்த்தது முழுக்கோடு, ஊகித்தது புள்ளிக்கோடு.