எஞ்சின் சூடாகிறதா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள்

வொர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேரும் தம்பிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பிக்கப் ஒன்று சூடாகிறது என்று உள்ளே வந்ததும், நான் தொழில் பழகிய காலத்தில் என்னைச் சுற்றி நடந்த அதே தவறுகள் அப்படியே மறுபடி நடக்கின்றன. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பார், பெல்ட்டைப் பார் என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எப்போது சூடாகிறது என்று கேட்காமல் ஸ்பேனரை எடுப்பது

வண்டிக்காரரிடம் இதை முதலில் கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இங்கே சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்து நிற்கும்போது டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? அப்படியானால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. விசிறியையும், அதை எஞ்சினோடு இணைக்கும் விசிறி கிளட்ச்சையும் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, சூடாக இருக்கும்போதே விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தால் நல்ல இறுக்கம் தெரிய வேண்டும். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் கிளட்ச் போய்விட்டது.

நெரிசலில் ஒழுங்காக இருந்து, சுமையோடு விரைவுச்சாலையில் போகும்போது மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையோ தண்ணீர் ஓட்டத்தையோ சந்தேகிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே, எஞ்சின் சூடேறும் முன்பே மேல் ஹோஸ் இறுகி, கூலண்ட் டேங்கில் குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) பக்கம் போக வேண்டும். மூன்றுக்கும் பாகம் வேறு, செலவும் வேறு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான். “இது சூடான ஊர், இங்கே தெர்மோஸ்டாட் எதற்கு? எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும்” என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பி எஞ்சினைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

தெர்மோஸ்டாட் என்பது ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் வால்வு. அதற்குள் ஒரு சிறிய கூட்டில் மெழுகு இருக்கிறது. சூடேறும்போது அது உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். பல டீசல் எஞ்சின்களில் 82 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கி, 95 வாக்கில் முழுதாகத் திறந்துவிடும். இதுவரை எல்லாருக்கும் தெரியும். அதே பாகத்தின் அடியில் இன்னொரு தட்டு இருப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மேல் வால்வு திறக்கத் திறக்க, இந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடும். பைபாஸ் என்பது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்கு வழி. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் அந்த வழியை மூட ஆளில்லை. வாட்டர் பம்ப் தள்ளும் தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலேயே சுற்றிச் சுற்றி வரும். சுமை ஏறும்போது, அதாவது ரேடியேட்டர் முழுதாகத் தேவைப்படும் நேரத்தில், எஞ்சின் முன்பைவிட அதிகமாகச் சூடாகும்.

(தண்ணீர் வேகமாக ஓடுவதால் ரேடியேட்டரில் ஆற நேரமில்லை என்று ஒரு விளக்கமும் சொல்வார்கள். அது தவறு. ஓட்டம் கூடினால் வெப்பம் இன்னும் நன்றாகத்தான் வெளியேறும். சிக்கல் அந்தக் குறுக்கு வழியில் இருக்கிறது.)

ஏர்கான் வேலை செய்யும் ஒருவருடைய பிக்கப் இப்படித்தான் எங்களிடம் வந்தது. வேறொரு இடத்தில் தெர்மோஸ்டாட்டை எடுத்திருக்கிறார்கள். சுமையில்லாமல் ஓட்டிப் பார்த்தபோது முள் இறங்கியதும் அவருக்குச் சந்தோஷம். அப்புறம் பின்னால் கம்ப்ரெஸர்களை ஏற்றிக்கொண்டு புக்கிட் தீமா விரைவுச்சாலையில் போனபோது முள் சிவப்புக்குப் போனது. ரேடியேட்டரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். வாட்டர் பம்பையும் மாற்றினார். மறுபடியும் சூடு. எங்களிடம் வருவதற்குள் அலுமினிய ஹெட் வளைந்திருந்தது.

முதல் கோளாறு என்ன தெரியுமா? ஏர்கான் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கட்டுமானத் தளத்துத் தூசியும் நாரும் கம்பளி போல அடைத்திருந்திருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும், பின்னால் இருப்பது தெரியாது. இரண்டையும் பிரித்து, எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் போதும். ரேடியேட்டரை மாற்றியபோது அழுக்கும் போய்விட்டது. பைபாஸ் மட்டும் திறந்தே கிடந்தது. உதவி செய்வதாக நினைத்து எடுத்துப்போட்ட ஒரு சின்னப் பாகம் ஒரு மனிதரின் பிழைப்பையே நிறுத்திவைத்தது.

சூடாகாமல் தப்பித்தாலும் நஷ்டம்தான். சுமையில்லாமல் ஓடும்போது எஞ்சின் சரியான வெப்பத்துக்கே வராது. டீசல் கூடுதலாகக் குடிக்கும், கரி சேரும், புகை தள்ளும். சரக்கு வண்டிகளுக்கு இங்கே ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை, 10 வயது தாண்டினால் 6 மாதத்துக்கு ஒரு முறை. புகையில் தோற்றுத் திரும்பி வரும்போது இன்ஜெக்டரைத்தான் முதலில் குறைசொல்வார்கள்.

தெர்மோஸ்டாட் மேல் சந்தேகமா? கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதன் மேலேயே திறக்கும் வெப்பம் பொறித்திருக்கும். அந்த அளவில் திறக்கவில்லை என்றால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். மாட்டும்போது காற்று வெளியேறும் சிறு துளை மேலே இருக்கட்டும்.

டாஷ்போர்டு முள்ளை நம்புவது

இப்போதைய பல வண்டிகளில் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். வெப்பம் நிறைய மாறினாலும் அது அசையாது. அசையும்போது காலம் கடந்திருக்கும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, ஓட்டிக்கொண்டே கூலண்ட் வெப்பத்தை எண்ணில் பாருங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்க்க வேண்டும்.

வெறும் குழாய்த் தண்ணீர்

பனி விழாத ஊர்தான், ஆனால் துரு இங்கேயும் பிடிக்கும். கூலண்ட் ஊற்றுங்கள்.

கூலண்ட் ஊற்றிவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை எடுக்காமல் மூடியைப் போடுவது

கூடாது.

ஹெட்டை அளக்காமல் கேஸ்கெட் போடுவது

முதலில் கேஸ்கெட்தான் போயிருக்கிறதா என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால், எஞ்சினில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது. ஹெட்டை இறக்கிய பிறகு நேர்விளிம்புச் சட்டம் வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) குறுக்கும் நெடுக்கும் அளக்க வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரிவதை நம்பிப் புது கேஸ்கெட்டை வைத்தால், அதே வண்டி அதே கோளாறோடு திரும்பி வரும், இந்த முறை உங்கள் செலவில்.

“இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று ஓட்டுவது

இதை வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முள் ஏறினால் ஏர்கானை நிறுத்த வேண்டும், முதல் வெளிவழியில் இறங்கி ஓரங்கட்ட வேண்டும். காலாங் - பாய லேபார் விரைவுச்சாலையில் சுரங்கம் மட்டுமே 9 கிலோமீட்டர், அதற்குள் நுழையும் முன்பே முடிவெடுக்க வேண்டும். விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அங்கிருந்து வொர்க்‌ஷாப்புக்கு இழுத்து வருவதுதான் அவர் செலவு.