பழைய போன் கேமராவா, புதுசா? ரெண்டையும் ஊருக்குள் கொண்டுபோய்ப் பார்க்கும் முறை

தங்கச்சி போன மாதம் புது போன் வாங்கினாள், பெட்டியில் 50 மெகாபிக்சல் என்று போட்டிருக்கிறது. என்னுடையது 2019-இல் வாங்கியது, அதன் முதுகிலேயே 48 என்று அச்சடித்திருக்கிறார்கள். "ஏன் மச்சான், ரெண்டு மெகாபிக்சலுக்கா இருபதாயிரம்?" என்று மாப்பிள்ளை கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதற்காகவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு போனையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மதுரைக்குள் சுற்றினேன். எதை எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், எதை எடுத்தால் பெட்ரோல்தான் வீண் என்று ஓரளவு பிடிபட்டது, அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 48 ஆனாலும் 50 ஆனாலும் சாதாரணமாக எடுக்கும்போது போன் நாலு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கிவிடும், கடைசியில் கையில் கிடைப்பது 12, 12.5 மெகாபிக்சல் படம்தான். நிஜமான வித்தியாசம் சென்சாரின், அதாவது லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்குகிற சில்லின், அளவில் இருக்கிறது. அப்போது பரவலாக வந்த 48 மெகாபிக்சல் சென்சாரான சோனி ஐஎம்எக்ஸ் 586 அரை அங்குல வகை, ஒரு பிக்சல் 0.8 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிறகு வந்த 50 மெகாபிக்சல் ஐஎம்எக்ஸ் 766-இல் பிக்சல் 1 மைக்ரான். கேட்க 0.2 தானே என்று தோன்றும், ஆனால் பரப்பளவாகக் கணக்குப் போட்டால் ஒரு பிக்சலில் விழும் வெளிச்சம் ஒன்றரை மடங்கு. உங்கள் போனின் விவரப் பட்டியலில் 1/2, 1/1.56 என்று பின்னத்தில் போட்டிருந்தால் கீழே இருக்கும் எண் சின்னதாக இருப்பதுதான் பெரிய சென்சார். லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்று சொல்கிற எஃப் எண்ணும் அப்படித்தான், 2.2-ஐ விட 1.8 நல்லது, அதில் கிட்டத்தட்ட பாதி மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்.

கிளம்புவதற்கு முன்னால் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்க வேண்டாம். என் பழைய போனில் ராத்திரிப் படமெல்லாம் புகை மூட்டமாக வருகிறது என்று ஆறு மாதம் புலம்பிக்கொண்டிருந்தேன். காரணம், விபூதிப் பொட்டலமும் போனும் ஒரே பையில். பழைய பருத்தி வேட்டித் துணியில் லேசாக வாயால் ஊதித் துடைத்தால் போதும். அப்புறம் கேமராவுக்கு மேலே ஐம்பது ரூபாய்க்கு ஒட்டித் தருகிறார்களே ஒரு கண்ணாடி, அது இரண்டு போனில் எதில் இருந்தாலும் பிய்த்துவிடுங்கள். தெருவிளக்கைச் சுற்றிக் கோடு கோடாக ஒளி சிதறுவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம், பழி மட்டும் போன் மேல் விழும்.

செட்டிங்ஸுக்குள் போய் பியூட்டி, ஃபில்டர், ஏஐ என்று எழுதியிருப்பதையெல்லாம் இரண்டிலும் அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தையும் நிழலையும் சமன் செய்கிற எச்டிஆர் மட்டும் தானாக இயங்கட்டும். ஒரே இடத்தில் நின்று, ஒரே பொருளைத் தொட்டு ஃபோகஸ் செய்து, ஒரு போனில் எடுத்த அரை நிமிடத்துக்குள் மற்றதில் எடுத்துவிட வேண்டும், மேகம் ஒன்று குறுக்கே போனால் கூடக் கணக்கு மாறிவிடும். ஒவ்வொன்றிலும் மூன்று படம் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு படத்தில் கை நடுங்கியிருந்தால் அது உங்கள் குற்றம்தானே ஒழிய போனின் குற்றம் இல்லை. ஒன்று கொஞ்சம் அகலமாகக் காட்டும், மற்றது நெருக்கமாகக் காட்டும். அப்படியானால் ஓரடி முன்னே பின்னே நகர்ந்து பொருளை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

நான் செய்த பெரிய தப்பு இதற்கு அடுத்தது. பழைய போன் படத்தைப் பழைய போனிலும் புதுப் படத்தைப் புது போனிலும் பார்த்து, "அடேயப்பா, என்ன கலரு" என்று முடிவு கட்டிவிட்டேன். அது கேமராவின் கலர் இல்லை, திரையின் கலர். என்னுடையது எல்சிடி, அவளுடையது அமோலெட், அதில் எதைப் போட்டாலும் கண்ணைப் பறிக்கும். இரண்டு படத்தையும் ஒரே திரையில் போட்டுப் பார்த்தபோது பாதி ஆச்சரியம் இறங்கிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டருக்குக் கேபிள் போட்டு ஏற்றுங்கள். வாட்ஸப்பில் அனுப்புவதானால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாகப் போனால் அது சுருக்கிவிடும், பிறகு ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

சரி, எங்கே போவது? நல்ல வெயிலுக்குக் கோபுரம். கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, ஆனால் சித்திரை வீதியில் நின்றாலே போதும். காலை ஒன்பது மணிக்குக் கிழக்குக் கோபுரத்தை எடுங்கள், முகத்தில் வெயில் விழும். தெற்குக் கோபுரம்தான் உயரம் என்று சித்திரை மாத உச்சி வெயிலில் அங்கே போய் நிற்க வேண்டாம், சித்திரை தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் மதுரைக்கு வடக்கே சாய்ந்துதான் இருக்கும், தெற்குப் பக்கத்துச் சுதைச் சிற்பமெல்லாம் நிழலில் கிடக்கும். எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஏதாவது ஒரு சிற்பத்தின் விரல்களைப் பாருங்கள், எண்ண முடிகிறதா, இல்லை பெயிண்ட் உருகிய மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா? உண்மையைச் சொல்கிறேன், இந்த வெயிலில் என் ஐந்தாறு வருஷப் பழசுக்கும் புதுசுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பகலில் வெளியே மட்டும் படம் எடுப்பவர் என்றால் இத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடலாம், பணம் மிச்சம்.

அடுத்தது திருமலை நாயக்கர் மகால். தூண்களுக்கு உள்ளே இருட்டான தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, வெயில் கொட்டும் நடு முற்றம் பாதியும் தூண் பாதியும் வருகிற மாதிரி எடுங்கள். முற்றம் வெள்ளைத்தாளாக வெளுத்துப்போனாலோ, தூணின் நிழல் பக்கம் கரியாக அடைத்துப்போனாலோ அந்த போனுக்கு வெளிச்சமும் நிழலும் சேர்ந்து வந்தால் சமாளிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இங்கேதான் புதுசு முதன்முதலாகக் கொஞ்சம் முன்னால் போனது. ஆனால் ஒன்று, சில புது போன்கள் நிழலை இழுத்து இழுத்துப் பிரகாசமாக்கி, தூணுக்கே ட்யூப்லைட் போட்ட மாதிரி ஆக்கிவிடுகின்றன. நின்ற இடத்தில் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தது படத்திலும் கொஞ்சம் இருட்டாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கு அது பிடிக்கவில்லை, உங்களுக்குப் பிடிக்கலாம்.

எனக்கு மிகவும் உதவியது மல்லிகைப்பூ. எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்காவிடம் அனுமதி கேட்டு, ஈரத்துணி மேல் குவித்து வைத்திருந்த மொட்டுகளைச் சாயங்காலம் எல்இடி பல்பு போட்ட பிறகு எடுத்தேன். வெள்ளைப் பூவை எடுப்பது எந்தக் கேமராவுக்கும் கஷ்டம். மொட்டுக்கு மொட்டு நடுவில் இருக்கிற மெல்லிய நிழலும் காம்பின் பச்சையும் தெரிய வேண்டும். மொத்தமும் பஞ்சுப்பொதி மாதிரி வந்தால் வெள்ளை எரிந்துபோய்விட்டது. கலரையும் பாருங்கள். பழையதில் பூ லேசாக மஞ்சளடித்து நேற்றைய பூ மாதிரி இருந்தது, அக்காவிடம் காட்டினால் சண்டைக்கு வந்திருப்பார். புதியதில் வெள்ளை வெள்ளையாக இருந்தது, ஆனால் பக்கத்தில் இருந்த கனகாம்பரம் மட்டும் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஏறிப்போயிருந்தது. வீட்டில் சுங்குடிச் சேலை இருந்தால் அதையும் நாலடி தள்ளிக் கொடியில் போட்டு எடுங்கள். சின்னப் புள்ளிகள் தனித்தனியாக நிற்கின்றனவா, சாயத்தோடு கரைந்துவிடுகின்றனவா என்பதில் போனின் சாயம் வெளுத்துவிடும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது மின்விசிறிப் பரீட்சை. ராத்திரி ட்யூப்லைட் போட்டு, ஃபேனைச் சுற்றவிட்டு, படுத்துக்கொண்டு மேலே எடுங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 5 சுற்று. கேமரா 1/50 நொடி திறந்திருந்தால் இறக்கை அதற்குள் 36 டிகிரி நகர்ந்துவிடும், படத்தில் விசிறி மடிப்பு மாதிரி பரவித் தெரியும். 1/500 என்றால் நாலு டிகிரி கூட இல்லை, இறக்கை நின்ற மாதிரி இருக்கும். ஆக, எந்தப் படத்தில் இறக்கை குறைவாகப் பரவியிருக்கிறதோ அந்த போன் அதே வெளிச்சத்தில் வேகமாக எடுக்கிறது. வீட்டுக்குள் ஓடுகிற பிள்ளையை எந்தப் போன் பிடிக்கும், எது பேயாக்கும் என்பதற்கு இதை விட நல்ல பதில் கிடைக்காது. கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்தால் ஷட்டர் வேகமும் (கேமரா எவ்வளவு நேரம் திறந்திருந்தது) ஐஎஸ்ஓவும் (வந்த வெளிச்சத்தை போன் எவ்வளவு பெருக்கியது) எழுதியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் கூடி ஐஎஸ்ஓவும் தாறுமாறாக ஏறியிருந்தால் படம் புள்ளி புள்ளியாக இருக்கும். படத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக வந்தால் பயப்படாதீர்கள், நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்குகிறது. கேமரா செட்டிங்ஸில் ஆன்டி ஃப்ளிக்கர் இருந்தால் 50-இல் வையுங்கள்.

நைட் மோடைத் தனியாகப் பாருங்கள், அதை அணைத்து ஒரு படம், போட்டு ஒரு படம். அது சில படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகத் தைக்கிற வேலை, அதனால் கோபுரத்துக்கும் தெப்பக்குளத்து மைய மண்டபத்துக்கும் பிரமாதமாக வரும், பரோட்டாக் கடையில் கொத்துகிற அண்ணனை எடுத்தால் கை நாலாகும். அழகர் ஆற்றில் இறங்குகிற விடியற்காலையில் கூட்டத்துக்குள் நின்று எடுக்கத்தான் போன் வேண்டும் என்றால் நைட் மோடை நம்பாதீர்கள், அது இல்லாமல் எப்படி வருகிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

முகம். பியூட்டியை அணைத்த பிறகும் சில போன்கள் மாநிறத்தை ரெண்டு சுற்று வெளுத்துத்தான் தருகின்றன, எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. வீட்டிலேயே கறுப்பாக இருப்பவரையும் சிவப்பாக இருப்பவரையும் பக்கத்தில் பக்கத்தில் ஜன்னலோரம் நிறுத்தி எடுங்கள், இரண்டு பேரும் ஒரே நிறமாக வந்தால் அந்தக் கேமரா பொய் சொல்கிறது. பின்னணியை மங்கலாக்குகிற போர்ட்ரெய்ட் மோடில் மூக்குக்கண்ணாடி ஓரமும், ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியும் சரியாகப் பிரிந்து வருகின்றனவா என்று பார்த்தால் போதும்.

2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் என்று கூடுதலாக இருக்கிற குட்டிக் கேமராக்களை எல்லாம் சோதிக்கவே வேண்டாம், எண்ணிக்கைக்கு வைத்தது. ஜூமுக்கு ஒத்தக்கடையிலிருந்து யானைமலை. 2x அழுத்திவிட்டு ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடிப் பாருங்கள், மெயின் லென்ஸை மூடும்போது படம் மறைந்தால் அது தனி ஜூம் லென்ஸ் இல்லை, வெட்டிப் பெரிதாக்கியது. வெளிச்சம் குறைந்தால் ஜூம் லென்ஸ் இருக்கிற போனும் இந்த வேலையைச் செய்யும், அதனால் பகலில் பாருங்கள். வீடியோவுக்கு மாசி வீதியில் ஒரு நிமிடம் பேசிக்கொண்டே நடங்கள், ஆட்டத்தையும் ஆட்டோ சத்தத்துக்கு நடுவில் உங்கள் குரலையும் கவனியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பெயரை மாற்றி அ, ஆ என்று போட்டு, எது எந்த போன் என்று தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். நான் அம்மாவிடம் காட்டினேன். கோபுரத்தைப் பார்த்து "ஏண்டா, ரெண்டும் ஒண்ணாத்தானடா இருக்கு" என்றார். மகாலில் யோசித்துப் புதுசைக் காட்டினார். மல்லிகைக்கு உடனே புதுசு. பேத்தி ஓடுகிற படத்துக்கு, "இதுலதான் பிள்ளை பிள்ளையா இருக்கு", அதுவும் புதுசு. முகத்துக்கு மட்டும் பழசைத் தொட்டு, "இதுதான் உங்கப்பா" என்றார். மாப்பிள்ளைக்கு இதைத்தான் அப்படியே சொன்னேன்.

இன்னும் வாங்கவில்லை, கடையில் வைத்துத்தான் பார்க்க முடியும் என்றால் ஒரு வழி இருக்கிறது. டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கல்யாண மண்டபம் மாதிரி விளக்குப் போட்டிருப்பார்கள், அந்த வெளிச்சத்தில் எந்த போனும் நன்றாகத்தான் எடுக்கும். உங்கள் பழைய போனையும் எடுத்துக்கொண்டு, கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் குனிந்து, மேஜைக்கு அடியில் இருட்டில் சுருண்டு கிடக்கிற வயரை இரண்டிலும் எடுங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும்.