டாலர், திர்ஹாம் நோட்டாகக் கொண்டுவருகிறீர்களா? சிடிஎஃப் வாங்காமல் வெளியே வராதீர்கள்

இந்தியாவுக்கு 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டு கொண்டுவந்தால், விமான நிலைய சிவப்பு வழியில் (சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்கள் செல்லும் வழி) சுங்க அதிகாரியிடம் கரன்சி டிக்ளரேஷன் ஃபார்ம் (சிடிஎஃப்) கொடுத்து, முத்திரை போட்ட நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். டிராவலர்ஸ் செக்கும் சேர்ந்தால் மொத்த வரம்பு 10,000 டாலர். 5,000 டாலர் என்பது சுமார் 18,360 யுஏஇ திர்ஹாம், அல்லது 18,750 சவுதி ரியால்.

இதற்கு வரி கிடையாது. பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். வரம்புக்கு மேற்பட்ட நோட்டை என்ஆர்இ கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) போடப் போனால் வங்கி முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். வெளிநாட்டில் குடியிருப்பவர் மிச்சப் பணத்தைத் திரும்பக் கொண்டுபோகவும் இதுதான் சான்று. அதில் எழுதிய தொகைக்கு மேல் கொண்டுபோக முடியாது. வெளியே வந்தபின் கேட்டால் கிடைக்காது.

வரம்புக்குள் இருந்தால் இது தேவையில்லை. இந்திய ரூபாய்க்கும் உதவாது: அதற்கு ஆளுக்கு 25,000 ரூபாய் என்பதே உச்சவரம்பு, சிடிஎஃப் எழுதிக் கொடுத்தாலும் அதற்கு மேல் கொண்டுவரக் கூடாது. நேபாளம், பூட்டானிலிருந்து வருவோருக்கு விதி வேறு.