போதைப்பொருள் காய்ச்சிய வாடகை வீடு: உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவல்துறையினர் அடுப்பையும் குடுவைகளையும் எடுத்துச் சென்றதும் வீடு சுத்தமாகிவிட்டது என்று நம்புவதே முதல் தவறு. மற்றவற்றுள் பல அதிலிருந்துதான் பிறக்கின்றன. மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருளைக் காய்ச்சும்போது எழும் ஆவி சுவரிலும் கூரையிலும் மரச்சாமான்களிலும் ஏசி குழாய்களுக்குள்ளும் படிந்துவிடுகிறது. அதைக் கண்ணாலோ மூக்காலோ உறுதிப்படுத்த முடியாது. தரையில் தவழ்ந்துவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தையை நினைத்தால், அவசரமாக வேறொருவரைக் குடிவைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும்.

சந்தேகத்துக்குரிய வீட்டுக்குள் தாமாகவே நுழைந்து பாட்டில்களைத் திறந்து பார்ப்பதும், தீப்பற்றக்கூடிய ஆவி நிறைந்திருக்கக்கூடிய அறையில் மின்விளக்கைப் போடுவதும் உயிருக்கே ஆபத்தானவை. எதையும் தொடாமல் வெளியே வந்து காவல்துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மீதமுள்ள திரவங்களைக் கழிவறையில் ஊற்றக்கூடாது. பிளீச்சிங் திரவத்தால் கழுவுவதும் கூடாது. அமிலத்தோடோ அம்மோனியாவோடோ அது கலந்தால் நச்சுவாயு உண்டாகும்.

பெயிண்ட் அடித்து மறைப்பது மிகப் பரவலான தவறு. கழுவாத சுவரின் மேல் பூசிய பெயிண்டையும் கடந்து படிவு நாளடைவில் மேலே வந்துவிடும் என்பதால், சோப்புநீரால் பலமுறை கழுவிச் சோதித்த பின்னரே வண்ணம் பூச வேண்டும். கம்பளம், மெத்தை, திரைச்சீலை ஆகியவற்றைக் காப்பாற்ற முயல்வதைவிட அப்புறப்படுத்துவதே நல்லது. சுத்தம் செய்த நிறுவனத்திடமே சோதனையையும் ஒப்படைக்காமல், அதனோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு முன்னும் பின்னும் மாதிரி எடுக்கச் செய்ய வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு; அதை நான் சிறிதாக எண்ணவில்லை. நியூசிலாந்தில், காய்ச்சிய வீடுகளைச் சுத்தம் செய்தபின் எட்ட வேண்டிய அளவாக 2010இல் வகுக்கப்பட்ட 100 சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பை, யாரோ அந்தப் போதைப்பொருளைப் புகைத்ததால் சிறு தடயம் இருந்த வீடுகளுக்கும் பொருத்தி, அரசு வீட்டுவசதி அமைப்பு பல குடும்பங்களை வெளியேற்றியது. அங்குக் காய்ச்சியதற்கான அறிகுறி இல்லாத வீட்டில் 15 மைக்ரோகிராமுக்குக் குறைவான படிவால் உடல்நலத்துக்குக் கேடு வர வாய்ப்பில்லை என்று பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகர் 2018இல் அறிக்கை அளித்த பிறகு, அவ்வமைப்பு மன்னிப்புக் கேட்டது. ஆகவே சோதனை முடிவில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து, அந்த வீட்டில் காய்ச்சினார்களா, புகைத்தார்களா என்று விசாரிக்காமல் குடியிருப்பவரை வெளியேற்றக்கூடாது.