மகாதமனி வீக்கம்: டாக்டரைப் பார்க்கும் முன் வரைய வேண்டிய குடும்பப் படம்

அண்ணனுக்கு நெஞ்சில் மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) 5 செ.மீ. அகலத்துக்கு வீங்கியிருந்தது. டாக்டரின் முதல் கேள்வி: "வீட்டில் யாராவது திடீரென்று இறந்தார்களா?" நான் முழித்தேன். நீங்கள் முழிக்க வேண்டாம்.

ஒரு தாளில் மூன்று தலைமுறையை வரையுங்கள். வயது, இறந்த காரணம் எழுதுங்கள். "மாரடைப்பு" என்றால் அதோடு விடாதீர்கள். பெரம்பூர் அத்தையிடம் காபி டம்ளரோடு உட்கார்ந்து துருவிய பிறகுதான், சித்தப்பா 41 வயதில் "முதுகைக் கிழிக்குதுக்கா" என்று சொல்லி விழுந்த கதை வெளியே வந்தது. மகாதமனி கிழிந்தாலும் அப்படித்தான் வலிக்கும்.

ரொம்ப உயரமா, விரல்கள் நீளமா, கண் லென்ஸ் விலகியதா என்றும் குறியுங்கள். அவை மகாதமனியை வீங்கவைக்கக்கூடிய மார்ஃபான் நோயின் அடையாளங்கள். எஃப்பிஎன்1 மரபணுக் கோளாறு அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசமில்லை.

சரி, அப்புறம்? பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மரபணுப் பரிசோதனையை முதலில் வீக்கம் உள்ளவருக்கே செய்வது நல்லது. சிப்ரோஃப்ளாக்சசின் (வீங்கிய மகாதமனிக்கு ஆபத்தாகக்கூடிய ஆன்டிபயாடிக்) எழுதிக்கொடுத்தால் தமனி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சிகரெட், கட்டுப்படாத பிபி இரண்டும் கூடாது. திடீரென்று நெஞ்சோ முதுகோ கிழிவதுபோல் வலித்தால் கேஸ் என்று ஜெலுசில் குடிக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.